சோதித்துப் பார்க்கும்படி எழுதுதல்: மேற்படிப்பு விண்ணப்பக் கட்டுரையின் நடை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன சில செய்திகள் நீக்கப்பட்டுள்ளன.)



இந்த மேடையில் வழக்கமாக இலக்கியம் பேசுவார்கள். என்னை அழைத்தவர்களும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் பேச எடுத்துக்கொண்டது இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை. வெளிநாட்டில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்க விண்ணப்பிப்பவர்கள், மதிப்பெண் பட்டியலோடும் பரிந்துரைக் கடிதங்களோடும் சேர்த்து அனுப்புவது அது. அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்பவர்கள் எஸ்.ஓ.பி. (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்) என்பார்கள். ஜெர்மனிக்குப் போகிறவர்கள் மோட்டிவேஷன் லெட்டர் என்பார்கள். நான் எஸ்.ஓ.பி. என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர் என்கிறது, அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களைக் கணக்கெடுக்கும் ‘ஓப்பன் டோர்ஸ்’ அறிக்கை. அவர்களில் 1,96,567 பேர் பட்ட மேற்படிப்பில் இருந்தவர்கள். ஏறக்குறைய ஒவ்வொருவரும் ஒரு எஸ்.ஓ.பி.யாவது எழுதியிருப்பார், பலர் ஐந்தாறு எழுதியிருப்பார்கள். நம் இளைஞர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதும் உரைநடை இந்த அளவுக்கு வேறெங்கும் குவிவதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்கு விமர்சகர் இல்லை, தொகுப்பு இல்லை, பாடத்திட்டத்திலும் இடம் இல்லை.

என் கருத்து ஒன்றுதான். படிப்பவர் சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியங்களால் ஆனதே நல்ல எஸ்.ஓ.பி. பணிவா பெருமிதமா, எளிய ஆங்கிலமா அடர்ந்த ஆங்கிலமா, கதையா கட்டுரையா என்று மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளெல்லாம் இதற்குப் பின்னால் வருபவை. இதை ஐந்து கூறுகளாகச் சொல்லப் பார்க்கிறேன்.

1. மறைந்திருக்கும் எழுத்து

மொழியியலாளர் ஜான் சுவேல்ஸ் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். கல்வி உலகில் சில எழுத்து வகைகள் ஓயாமல் எழுதப்படுகின்றன, ஆனால் பொதுப் பார்வைக்கு வருவதே இல்லை என்று அதில் சுட்டினார். ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது கூடவே வைக்கும் கடிதம், பரிந்துரைக் கடிதம், விண்ணப்பக் கட்டுரை எல்லாம் அந்த வகை. ஆய்வுக் கட்டுரை எழுதப் பழக நூலகத்தில் ஆயிரம் மாதிரி கிடைக்கும். எஸ்.ஓ.பி.க்கு மாதிரி வேண்டுமென்றால் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். அக்காவோ சித்தப்பா மகனோ பிட்ஸ்பர்க்கில் இருந்தால் ஒன்று கிடைக்கும். குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்குக் கிடைப்பது, யார் யார் கையிலோ புழங்கி நைந்துபோன ஒரு நகல்தான்.

மறைந்திருப்பது எழுத்து மட்டுமல்ல, வாசகரும்தான். அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு ஆள் எடுப்பதைப் பெரும்பாலும் அந்தந்தத் துறைப் பேராசிரியர்களின் குழுவே முடிவு செய்கிறது. ஜூலி பாசெல்ட் என்ற கல்வி ஆய்வாளர் இத்தகைய குழுக்கள் சிலவற்றின் கூட்டங்களில் உட்கார்ந்து கவனித்து, 2016இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக ஒரு நூல் வெளியிட்டார். அதில் தெரியும் பேராசிரியர்கள் நம் மாணவர்கள் கற்பனை செய்துகொள்ளும் நீதிபதிகள் அல்லர். வகுப்பும் ஆய்வும் போக எஞ்சிய நேரத்தில் விண்ணப்பக் கட்டைப் புரட்டுகிறவர்கள். முதல் வடிகட்டலில் எண்களைப் பார்த்தே பலரைத் தள்ளிவிடுகிறவர்கள். அந்த வடிகட்டலில் தப்பியவர்களின் எழுத்துக்குத்தான் அடுத்த சுற்றில் வேலை. அங்கே அவர்கள் தேடுவது நல்ல பிள்ளையை அல்ல, ஐந்தாறு ஆண்டு கூட வேலை செய்யக்கூடிய ஒருவரை.

நாட்டுக்கு நாடு வழக்கமும் மாறுகிறது. ஐரோப்பாவில் பல இடங்களில் முனைவர் பட்டம் என்பது சம்பளம் தரும் வேலை; விளம்பரத்தில் ஆய்வுத் தலைப்பே இருக்கும், கடிதம் அந்தத் தலைப்புக்குப் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வு நோக்கத்தைச் சொல்ல ஓர் உரை, வாழ்க்கைப் பின்னணியைச் சொல்ல வேறோர் உரை. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை தரும் முதுநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தன்னைப் பற்றி மூன்று பக்கம், ஆய்வுத் திட்டம் இரண்டு பக்கம். அது அந்நாட்டினருக்கும் அங்கே நிரந்தர வசிப்புரிமை உள்ளோருக்கும் மட்டுமே உரியது என்றாலும், வாழ்க்கையையும் வேலைத்திட்டத்தையும் எப்படிப் பிரித்து வைக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு நல்ல உதாரணம். ஒரே கட்டுரையில் பெயரை மட்டும் மாற்றிப் பத்து இடத்துக்கு அனுப்புகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே இல்லை.

2. தற்புகழ்ச்சிக்கு நன்னூல் தந்த அனுமதி

நம் மாணவர்களின் முதல் தயக்கம் இதுதான்: “என்னைப் பற்றி நானே எப்படி சார் பெருமையாக எழுதுவது?” இது நல்ல தயக்கம். இந்தத் தயக்கத்தைப் பற்றி, நன்னூல் என்ற இலக்கண நூலை இயற்றிய பவணந்தியார் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறார்.

நன்னூலின் பாயிரம், அதாவது முன்னுரைப் பகுதி, ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் யார் எழுதலாம் என்று வரையறுக்கிறது. நூலாசிரியனின் ஆசிரியன், உடன்படித்தவன், மாணவன், தகுதியுள்ள உரைகாரன், இந்த நால்வர். எத்தனை துறை கண்டவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்பது அடுத்த நூற்பா. இதோடு நின்றிருந்தால் அது வெறும் ஒழுக்க விதி. ஆனால் அதற்கும் அடுத்த நூற்பா நான்கு விலக்குகளைத் தருகிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையில், எதிராளி தன்னைப் பழித்த காலத்தில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம்.

எஸ்.ஓ.பி. முதல் இரண்டு விலக்குகளுக்குள்ளும் சரியாக வந்து விழுகிறது. அறியாதவர்கள் இருக்கும் அவைக்கு எழுதும் ஓலை அது. ஆகவே அனுமதி உண்டு. எப்படிப் புகழ்வது என்பதற்கும் அதே பாயிர மரபில் விடை இருக்கிறது. பாயிரத்தில் இருக்க வேண்டியவை என்று நன்னூல் எட்டுப் பொருளைச் சொல்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூலின் பெயர், யாப்பு, எடுத்துக்கொண்ட பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்று இன்னும் மூன்றைச் சேர்ப்பவர்களும் உண்டு. இந்தப் பதினொன்றில் ‘சிறப்பு’ என்றோ ‘பெருமை’ என்றோ ஒன்று இல்லை. எல்லாமே விசாரித்து அறியக்கூடிய செய்திகள். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், உரைமரபின்படி, தொல்காப்பியரோடு படித்தவர். அவர் வடக்கெல்லை, தெற்கெல்லையைச் சொல்கிறார், எந்தப் பாண்டியன் அவை என்று சொல்கிறார், கேட்டுத் தேர்ந்தவர் அதங்கோட்டாசான் என்று பெயர் சொல்கிறார். புகழ்மொழியும் உண்டு. ஆனால் இத்தனை செய்திகளுக்கு நடுவில் வருவதால் அது கனக்கிறது.

இந்தப் பட்டியலை எஸ்.ஓ.பி. எழுதுகிறவர் அப்படியே மேசையில் வைத்துக்கொள்ளலாம். நான் யாருடைய ஆய்வின் வழியில் வருகிறேன், எதுவரை தெரியும், எங்கே நிற்கிறது, எடுத்துக்கொண்ட கேள்வி என்ன, எந்த முறை, யார் கேட்கப் போகிறார்கள், பயன் என்ன. ‘எல்லை’யை இங்கே நான் சற்று நீட்டிப் பொருள் கொள்கிறேன், இலக்கணப் பேராசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

3. சென்னையிலிருந்து போன ஒரு கடிதம்

1913 ஜனவரி 16ஆம் தேதியிட்டு, சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவு எழுத்தர் ஒருவர் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினார். எழுதியவர் சீனிவாச ராமானுஜன், பெற்றவர் கணித அறிஞர் ஜி.எச். ஹார்டி. ராமானுஜனின் மேதைமையைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்தக் கடிதத்தை ஒரு விண்ணப்பமாக வைத்து நடையைப் பார்த்தவர்கள் குறைவு.

கடிதம் வேலையிலும் சம்பளத்திலும் தொடங்குகிறது. துறைமுக அலுவலகத்தில் எழுத்தர், ஆண்டுக்கு இருபது பவுன் ஊதியம், வயது ஏறக்குறைய இருபத்துமூன்று. வயது சரியில்லை, அப்போது அவருக்கு இருபத்தைந்து. அடுத்து, பல்கலைக்கழகக் கல்வி இல்லை, சாதாரணப் பள்ளிப் படிப்புத்தான் என்கிறார். குறையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதுமென்று நினைத்திருக்கிறார். ஏன் இல்லை, யார் காரணம், எவ்வளவு வேதனை என்று ஒன்றும் கிடையாது. பள்ளியை விட்டபின் ஓய்வு நேரமெல்லாம் கணக்குப் போடுவதில் செலவிட்டதாகச் சொல்லி, எந்தப் பகுதியில் உழைத்தார் என்று உடனே குறிப்பிடுகிறார்: விரியும் தொடர்கள். தன் முடிவுகளைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வியப்புச் சொல் வருகிறது. அதையும் தன் வாயால் சொல்லவில்லை, உள்ளூர்க் கணித அறிஞர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்கிறார். பாயிர விதி தெரிந்து எழுதினாரோ இல்லையோ, விதி நிற்கிறது.

அதன் பிறகு வரும் பகுதிதான் இன்றைய மாணவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. ஹார்டி 1910இல் வெளியிட்ட ‘ஆர்டர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி’ என்ற சிறு நூலை அண்மையில் பார்த்ததாகவும், அதன் 36ஆம் பக்கத்தில், ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்று காட்டும் திட்டமான கோவை இதுவரை கண்டறியப்படவில்லை என்று எழுதியிருப்பதாகவும் ராமானுஜன் சொல்கிறார். பிறகு, உண்மை விடைக்கு மிக நெருங்கி வரும் கோவையொன்று தன்னிடம் இருக்கிறது என்கிறார். ஹார்டி உலகப் புகழ் பெற்றவர் என்றோ, அவருடைய டிரினிட்டி கல்லூரி தொன்மை வாய்ந்தது என்றோ அந்தக் கடிதத்தில் இல்லை. இருப்பது ஒரு பக்க எண். கூடவே தேற்றங்கள் எழுதிய தாள்கள். அவற்றில் சுமார் 120 தேற்றங்கள் இருந்ததாக ஹார்டி பின்னாளில் குறிப்பிட்டார்.

கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. பகா எண்களைப் பற்றிய அந்தக் கூற்று தவறு. ராமானுஜன் நினைத்த அளவுக்கு அந்தக் கோவை துல்லியமானதல்ல. ஹார்டி அதைக் கண்டுகொண்டார். ஆனாலும் பிப்ரவரி 8ஆம் தேதி பதில் எழுதினார், நிறுவல்களைக் கேட்டார். 1914 ஏப்ரலில் ராமானுஜன் இங்கிலாந்தில் இருந்தார். கணக்கில் எனக்குத் தீவிர ஆர்வம் உண்டு என்று அவர் எழுதியிருந்தால் அதை யாராலும் மறுத்திருக்க முடியாது. அதனாலேயே யாரும் பொருட்படுத்தியும் இருக்க மாட்டார்கள். தவறென்று காட்டக்கூடிய வாக்கியத்தை எழுதத் துணிந்ததால்தான் ஹார்டியும் அவருடைய சக கணித அறிஞர் லிட்டில்வுட்டும் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு உட்கார வேண்டி வந்தது.

நாமெல்லாம் ராமானுஜனா என்று கேட்பீர்கள். இல்லை. ஹார்டிக்கு முன் அவர் எழுதிய கேம்பிரிட்ஜ்க்காரர்கள் உதவவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நல்ல கடிதத்துக்கும் நல்ல வாசகர் வாய்க்க வேண்டும். நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது மேதைமையை அல்ல, வாக்கிய அமைப்பை. அது யாருக்கும் கைவரும்.

4. பைஜாமாவில் விழுந்த ஓட்டை

2007இல் பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூக்காஸ் அமைப்பு, விண்ணப்பக் கட்டுரைகளை மென்பொருளால் ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டாவது பிறந்தநாளன்று வேதியியல் விளையாட்டுப் பெட்டியை வைத்துச் சோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்டதாக 234 பேர் எழுதியிருந்தார்கள். அத்தனை பைஜாமாவும் ஒரே மாதிரிக் கட்டுரையிலிருந்து வந்தவை. அது இளநிலைப் படிப்புக்கான விண்ணப்பம் என்றாலும், நோய் எல்லா நிலைக்கும் பொது.

நம் ஊர்ப் பைஜாமாக்களை நீங்கள் அறிவீர்கள். சிறுவயதில் அப்பாவின் ரேடியோவைக் கழற்றி மாட்டியது. ஐன்ஸ்டைன் சொன்னதாகவோ அப்துல் கலாம் சொன்னதாகவோ ஒரு பொன்மொழி. வேகமாக மாறிவரும் இன்றைய உலகில் இந்தத் துறையின் முக்கியத்துவம். ஒரு பத்தி முழுக்க அந்தப் பல்கலைக்கழகத்தின் புகழ், அதன் உலகத்தரமான ஆய்வுக்கூடங்கள். அதே ஆய்வுக்கூடத்தில் குளிர்சாதனம் ஓடாமல் அவதிப்படும் பேராசிரியர்தான் இதைப் படிக்கப் போகிறார்.

இதற்கு ஒரு வேர் உண்டு. மொழியியலாளர் விஜய் பாட்டியா 1993இல் எழுதிய நூலில், தெற்காசிய வேலை விண்ணப்பங்களில் எதிரில் இருப்பவரைப் புகழ்வதும் தன்னைத் தாழ்த்திக்கொள்வதும் இடம்பெறுவதைச் சுட்டுகிறார். நாம் மனு எழுதிப் பழகிய சமூகம். தாசில்தார் அலுவலகத்து மரத்தடியில் எழுதப்படும் மனுவின் தொனி எஸ்.ஓ.பி.க்குள்ளும் ஏறிவிடுகிறது. மனுவில் கேட்பது கருணை. எஸ்.ஓ.பி.யில் கேட்பது வேலை செய்ய ஓர் இடம்.

சரி, சோதிக்கக்கூடிய வாக்கியம் எப்படி இருக்கும்? ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்கிறேன். கோவை, ஈரோடு பக்கத்துக் கல்லூரியில் படித்து முடித்த சுற்றுச்சூழல் பொறியியல் மாணவி ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“சிறு வயது முதலே நீர் மாசுபாட்டைத் தடுக்க வேண்டும் என்ற தணியாத ஆர்வம் கொண்டவள் நான். இறுதியாண்டுத் திட்டப்பணியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பற்றி விரிவாக ஆய்வு செய்யப்பட்டு, சிறந்த முடிவுகள் பெறப்பட்டன.”

குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நினைவில் வைக்கவும் ஒன்றுமில்லை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் வெற்றெனத் தொடுத்தல் இதுதான். அதே மாணவி அதே வேலையைப் பற்றி இப்படியும் எழுதலாம்:

“2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வேலை போனது. அந்தச் சாயம் கலந்த நொய்யல் ஆற்றுத் தண்ணீரால்தான் என் தாத்தா விவசாயத்தை விட்டார். நான்கு பேர் செய்த திட்டப்பணியில் என் பங்கு கரி தயாரிப்பதும் நீரை அளப்பதும். சீமைக் கருவேலங் கரியில் வடிகட்டியபோது சாயத்தின் நிறம் பெருமளவு போனது. கரைந்த உப்பின் அளவு அசையவே இல்லை. கண்ணுக்குத் தெளிந்த நீர் பயிருக்கு உதவாத நீராகவே இருந்தது. உப்பைப் பிரிப்பதற்கான சவ்வுகள் சாய நீரில் ஏன் இவ்வளவு விரைவில் அடைபடுகின்றன என்பதே நான் படிக்க விரும்பும் கேள்வி.”

இரண்டாவதில் அழகுச் சொல் ஏதுமில்லை. ஆனால் படிக்கும் பேராசிரியர் தலையாட்டுவார். கரி நிறத்தைப் பிடிக்கும், கரைந்த உப்பைப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். தோல்வியைத் தோல்வி என்று அறிந்து, அதிலிருந்து அடுத்த கேள்விக்குப் போகிற ஒரு பெண் எதிரில் இருக்கிறாள் என்பதும் தெரிந்துவிடும். சாயப்பட்டறையும் தாத்தாவும் இங்கே இரக்கத்துக்காக வரவில்லை, கேள்வி எங்கிருந்து பிறந்தது என்று காட்ட வருகிறார்கள். பாயிரத்தில் சொன்ன காரணம், களம் என்ற இரண்டும் அவை.

இதில் ‘என் பங்கு’ என்று ஒரு சொற்றொடர் இருக்கிறதே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஆய்வக ரெக்கார்டு நோட்டு பிள்ளைகளுக்குச் ‘செய்யப்பட்டது’, ‘கண்டறியப்பட்டது’ என்றே எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறது. செய்தவர் யார் என்று அந்த வாக்கியத்தில் தேட முடியாது. திட்டப்பணியோ நான்கு பேர் சேர்ந்து செய்வது. அவர்களில் ஒருவர் நிரல் எழுதியிருப்பார், ஒருவர் அறிக்கையைத் தட்டச்சு செய்திருப்பார், ஒருவர் பைண்டிங் கடைக்கு மட்டும் போய் வந்திருப்பார். தேர்வுக் குழுவுக்கு இது தெரியாமல் இல்லை. எந்தக் கை உங்களுடையது என்று சொல்லாவிட்டால் அவர்கள் பைண்டிங் கடையைத்தான் நினைப்பார்கள்.

பேராசிரியர் பெயர்களை அடுக்குவதும் இப்படித்தான். இணையதளத்தில் முதலில் தெரிந்த மூன்று பெயரை எடுத்துப் போட்டு, இவர்களுடைய ஆய்வால் ஈர்க்கப்பட்டேன் என்று எழுதுவது. மூவரில் ஒருவர் ஓய்வு பெற்றிருப்பார். ஒரு பெயர் போதும், ஒரு கட்டுரை போதும். அந்தக் கட்டுரையில் எந்த இடத்தில் உங்கள் கேள்வி முட்டுகிறது என்று சொன்னால் அது 36ஆம் பக்கம்.

அரியர், குறைந்த மதிப்பெண், இடையில் விட்டுப்போன ஓராண்டு ஆகியவற்றைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். மதிப்பெண் பட்டியலில் தெரிகிற குறையை மறைக்க முடியாது. ஒரு வாக்கியத்தில் காரணம், அடுத்த வாக்கியத்தில் அதற்குப் பின் என்ன மாறியது என்பதற்கான சான்று. மூன்றாவது வாக்கியம் எழுதினால் அது மனுவாகிவிடும்.

5. யார் எழுதுவது

ஒரு மறுப்பையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். 2009இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, விண்ணப்பக் கட்டுரையின் மதிப்பீட்டுக்கும் மாணவரின் பிற்காலத் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பல ஆய்வுகளிலிருந்து திரட்டிப் பார்த்தது. தொடர்பு சொற்பம். தேர்வு மதிப்பெண்ணும் கல்லூரி மதிப்பெண்ணும் கையில் இருந்தால், கட்டுரை புதிதாக எதையும் அனேகமாகச் சொல்வதில்லை. அப்படியானால் இவ்வளவு நேரம் பேசியது வீணா? நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். 234 பேர் ஒரே பைஜாமாவை எழுதும் இடத்தில் கட்டுரையிலிருந்து யாரைப் பற்றியும் எதுவும் தெரிய வராதுதான். சோதிக்க ஒன்றுமில்லாத எழுத்தை வைத்து எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. அமெரிக்காவில் பல துறைகள் ஜி.ஆர்.இ. என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண் கேட்பதை அண்மை ஆண்டுகளில் நிறுத்திவிட்டன. எண் ஒன்று குறைந்த இடத்தில் எழுத்தின் சுமை கூடத்தான் செய்யும்.

இந்த நிலையில் எழுதிக் கொடுக்கும் கன்சல்டன்சிகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மாணவர் ஒரு படிவத்தை நிரப்பித் தருகிறார், அவர்கள் கட்டுரையாக்கித் தருகிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு படிவமும் தேவையில்லை என்றாகிவிட்டது. ஒழுக்கம் பற்றி நான் இங்கே பேசவில்லை. பல்கலைக்கழகங்கள் அவரவர் விதியை எழுதி வைத்திருக்கின்றன, படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நடை பற்றி மட்டும் சொல்கிறேன். ஆங்கிலம் இனி ஒரு தடையல்ல. பிழையில்லாத ஆங்கிலம் எல்லோரிடமும் இருக்கும். ஆகவே அதற்கு மதிப்பும் இருக்காது. உப்பு அசையவில்லை என்பது அந்தப் பெண்ணின் நோட்டில் மட்டும் இருக்கும் செய்தி. அவள் சொல்லாமல் எந்த ஏஜெண்டுக்கும் எந்த எந்திரத்துக்கும் அது தெரியாது. இலக்கணத்தை யாரிடம் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள். செய்தியை அவர்களிடம் கேட்காதீர்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். நம் கல்லூரிகள் பலவற்றில் பரிந்துரைக் கடிதத்தை மாணவரே எழுதிக்கொண்டு வருவார். ஆசிரியர் லெட்டர்ஹெட்டில் கையொப்பமிடுவார். வேலைப்பளு எனக்கும் தெரியும். ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். மூன்று கடிதமும் எஸ்.ஓ.பி.யும் ஒரே கை, ஒரே நடை, ஒரே உரிச்சொற்கள். பாயிரத்தை ஆசிரியன் எழுதலாம் என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது: மாணவன் தன்னைப் பற்றிச் சொல்ல முடியாததை அவர்தான் சொல்ல முடியும். உங்கள் மாணவி ஒரு நாள் மாலை ஆய்வகம் பூட்டும் நேரத்தில் வந்து, முதல் அளவீடு தவறு, மறுபடி எடுக்கிறேன் என்று கேட்டாள் என்று நீங்கள் எழுதும் ஒரு வரி, அவள் எழுதும் இரண்டு பக்கத்துக்குச் சமம். அதை அவளால் எழுத முடியாது; எழுதினால் நன்றாகவும் இருக்காது.

துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் துறையிலிருந்து மேற்படிப்புக்குச் சென்றவர்களிடம் அவர்கள் எழுதிய எஸ்.ஓ.பி.யைக் கேட்டு வாங்குங்கள். அவர்களுடைய ஒப்புதலோடு, பெயரை நீக்கி, துறை நூலகத்தில் ஒரு கோப்பாக வையுங்கள். இடம் கிடைத்தவர்களுடையதை மட்டுமல்ல, கிடைக்காதவர்களுடையதையும் வையுங்கள். எது எங்கே சறுக்கியது என்று பார்க்க அதுவும் வேண்டும். இதற்கு நிதி தேவையில்லை, அரசாணை தேவையில்லை, ஓர் அலமாரித் தட்டு போதும். வெளிநாட்டில் உறவினர் இல்லாத பிள்ளைகள் வரும் டிசம்பர் கெடுவுக்கு முன் அதைப் புரட்டிப் பார்க்கும்படி, இந்தப் பருவம் முடிவதற்குள் தொடங்குங்கள்.